ஐந்து துண்டு அக்காமடேஷன்

அந்த அக்காவின் பெயர் மன்னவனூர்ப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. காலையில் உருளைக்கிழங்குக் காட்டில் களை எடுக்கும் பெண்கள் குனிந்த தலை நிமிராமலே, "ஏறிருச்சுடி" என்பார்கள். ஏறியது பாறை மேல். கையில் போன், மழைக்காக அதைச் சுற்றி ஒரு பால் கவர், தலையில் மங்கி குல்லா. அடுத்த நொடி சரிவு முழுக்கக் கேட்கும்.

"எஸ் சார்! அக்–கா–ம–டே–ஷன்! இருக்கு சார்! என்னது, டேஷனா? டேஷன் இல்ல சார், அக்–கா–ம–டே–ஷன்!"

நாங்கள் இருவரும் ஒரு காட்டேஜில் வேலை பார்த்தோம். மன்னவனூர் ரோட்டுக்குக் கீழே, காட்டை ஒட்டி நாலைந்து ஓட்டு வீடுகள், ஒரு சமையல் கொட்டகை, அவ்வளவுதான். நான் ஜீப் டிரைவர். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இருந்து விருந்தாளிகளை ஏற்றிவருவது என் வேலை. அக்கா புக்கிங். டவர் வராத காலம் அது. பாறை உச்சியில் மேற்கே பார்த்து நின்றால் மட்டும் போனில் ஒரு கோடு விழும், அதுவும் அதற்கு மனசு இருந்தால். பேச்சு பாதி போகும், பாதி காற்றில் கரைந்துவிடும்.

அதற்காக அக்கா கண்டுபிடித்த வழிதான் வெட்டுவது. நீளமான இங்கிலீஷ் வார்த்தை எது வந்தாலும் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு தட்டு தொடையில் தட்டி, ஒவ்வொன்றாக அனுப்புவார். எந்தத் துண்டில் அழுத்தம் விழ வேண்டுமோ அதை மட்டும் இழுத்துக் கத்துவார். "அழுத்தம் போய்ச் சேந்துட்டாப் போதும், மிச்சத்த அவங்களே ஒட்டிக்குவாங்க" என்பது அவர் கணக்கு. ஒருமுறை அவர் "டே" என்று போட்ட சத்தத்தில், கீழே ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை நிறுத்திவிட்டு, "யாரு, என்னையா?" என்று கேட்டார். அக்கா போனைக் காதில் இருந்து எடுக்காமலே, "உங்கள இல்லண்ணே, சென்னைக்காரர!" என்று சொல்லிவிட்டு ஷன்னுக்குப் போனார்.

கூசாத பிறவி. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வாசலில் நின்று, போகிற வருகிற பக்தர்களைக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. தைப்பூசக் கூட்டத்தையே தாண்டிக் கேட்ட குரலுக்கு இந்த மலை எம்மாத்திரம்.

நான் அதற்கு நேர்மாறு. நான் திக்குவாய்.

எழுதும்போது தெரியாது, பாருங்கள். எழுத்தில் நான் சரளமாகத்தான் போகிறேன். வாயைத் திறந்தால்தான் முதல் எழுத்திலேயே வண்டி புதைந்துவிடும். என் ஊர் பள்ளங்கி. அந்தப் பெயரில் முதலில் நிற்கும் "ப" எனக்கு ஜென்ம விரோதி. கண்டக்டரிடம் பள்ளங்கி என்று டிக்கெட் கேட்க முடியாமல், சுலபமாக வருகிற வேறு ஊரைச் சொல்லி இறங்கி, மழையில் நடந்து வீடு வந்திருக்கிறேன். சொந்த ஊரின் பெயரைச் சொல்ல முடியாதவன் என்பதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது? கல்யாண வீட்டில் பந்தியில் "சா… சா…" என்று நிற்கும்போது "சாம்பாரா?" என்று ஊற்றிவிடுவார்கள். எனக்கு வேண்டியது சாதமாக இருக்கும். தலையை ஆட்டிவிட்டுச் சாம்பாரையே குடித்துவிட்டு எழுந்திருப்பேன்.

இப்படிப்பட்டவன் பக்கத்தில், நாள் முழுக்க வார்த்தைகளை வெட்டி வெட்டிக் கத்துகிற ஒருவர் வந்து சேர்ந்தால் என்ன தோன்றும்? என்னைத்தான் கேலி செய்கிறார் என்று தோன்றியது. நான் ஜீப்பில் விருந்தாளிகளோடு வந்து இறங்கும் நேரம் பார்த்து, "கன்–ஃபர்–மே–ஷன்!" என்று பாறை மேல் இருந்து சத்தம் வரும். சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குக் காது மடல் எரியும்.

பாறையோடு விட்டாலும் பரவாயில்லை. மாதம் ஓரிரு முறை சாமான் வாங்க என்னோடு கொடைக்கானல் வருவார். முன்சீட்டில் உட்கார்ந்து, வழியில் எந்த போர்டைப் பார்த்தாலும் டேஷ்போர்டில் தாளம் போடுவார். கொடைக்கானலில் போர்டுக்கா பஞ்சம்? அதில் பாதி போர்டில் அக்காமடேஷன்தான் எழுதியிருக்கும். அவருக்கு அந்த வார்த்தை மேல் தனிப் பிரியம்.

"உள்ளுக்குள்ள இருக்க ஆளு அக்காமடேட், தம்பி. அங்க கா–வுலதான் அழுத்தம். பின்னாடி ஷன் வந்து ஏறுது பாரு, ஒடனே அழுத்தம் கா–வ விட்டு எறங்கி டே–க்குப் போயிருது. மொதலாளி வந்து ஏறுனா, முன்சீட்டுல இருந்தவன நீ எறக்கிப் பின்னாடி போடுறேல்ல, அந்த மாதிரி."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன்.

"தமிழ்ல இந்தப் பொல்லாப்பு இல்ல. எல்லா எழுத்தும் சமமா ஒக்காந்திருக்கும். இங்கிலீஷ்ல ஒருத்தன்தான் நிமிந்து நிப்பான், மத்தவன் பூராம் குனிஞ்சுக்குவான். ஆனா குனிஞ்சவன விட்டுட்டுப் போயிறக் கூடாது. விட்டேன்னு வையி, டேஷன்னு மட்டும் போய் விழும். அந்தாளு ரயில்வே டேஷனான்னு கேப்பாரு."

எல்லாம் போனில் கேட்டுக் கேட்டுப் பிடித்தது. சில சமயம் தப்பாகவும் வெட்டுவார். பெங்களூரில் இருந்து வந்த ஒரு அம்மா, வெஜிடபிள் என்பதை நாலு துண்டாகச் சொல்லக் கூடாது, மூன்றுதான் என்று திருத்தினார். அக்கா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு துண்டு கொறையுதுங்களே, நீங்க முழுங்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் சுருங்கியது. அக்காவுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் பெட்டியோடு நின்ற எனக்குத்தான் உடம்பு கூசியது. அவர் படாத வெட்கத்தை எல்லாம் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

இதைவிட என்னை வதைத்தது இன்னொன்று. திக்குவாய்க்காரன் பேசினால் சுற்றி இருப்பவர்கள் முடித்துவைப்பார்கள். அதில் ஒரு இரக்கம் இருக்கிறது, தப்புச் சொல்ல மாட்டேன். சமையல்காரர் அப்படித்தான், மேனேஜரும் அப்படித்தான். நான் "டீ…" என்று தொடங்குவதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும். அக்கா மட்டும் முடித்துவைக்கவே மாட்டார். என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பாதியில் விட்டுவிட்டால், கடையில் பாக்கிச் சில்லறைக்கு நீட்டுவதுபோல உள்ளங்கையை நீட்டி, "மிச்சம்?" என்பார்.

மற்றவர்கள் முன்னால் கேட்பார், அதுதான் கொடுமை. "மிச்சம்? மிச்சத்தையும் சொல்லு." எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு வேர்க்கும். அக்கா கொட்டகையில் இருக்கிற நேரத்தில் நான் டீ குடிக்கப் போவதையே விட்டுவிட்டேன்.

ஒருநாள் கொடைக்கானலில் இருந்து திரும்பும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எ… என்னையக் கே… கே…" ஜீப் ஒரு வளைவு, இன்னொரு வளைவு என்று போகிறது. அவர் டேஷ்போர்டில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பூம்பாறை வயல்கள் கீழே தெரியத் தொடங்கியபோதுதான் "கேலி பண்ணாதீங்க" என்று சொல்லி முடித்தேன்.

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "கேலியா? நான் எல்லா வார்த்தையவும்தான வெட்டுறேன், தம்பி. நீ வெட்டியே கொண்டாந்துர்ற. எனக்குச் சோலி மிச்சம்."

இதைக் கேட்டுச் சிரிப்பதா, ஜீப்பை விட்டு இறங்கச் சொல்வதா என்று தெரியவில்லை. காட்டேஜ் வரும்வரை நான் பேசவில்லை. நான் பேசாதது அவருக்கு வித்தியாசமாகவும் தெரிந்திருக்காது.

அந்த ஐப்பசி மழையில்தான் மரம் விழுந்தது. நான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போய்க்கொண்டிருந்தேன். கூக்கால் பிரிவு தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரம். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், பின்னால் மண் சரிந்து அந்த வழியும் அடைத்துவிட்டது. பின்சீட்டில் இருந்த பெரியவருக்கு இளைப்பு. உறிஞ்சுகிற மருந்தை எடுக்கப் பையைத் துழாவினால், அதைக் காட்டேஜ் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் நெஞ்சு இழுக்கிற சத்தம் முன்சீட்டில் இருக்கும் எனக்கே கேட்டது.

அவர்கள் போன் எதிலும் சிக்னல் இல்லை. என் போனில் ஒரு கோடு இருந்தது. அக்காவின் நம்பரைப் போட்டேன். மழையில் பாறை மேல் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருந்தார். "ஹலோ, சொல்லுங்க" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ம… ம…" என்றே நிற்கிறேன். பெரியவரின் மகன் போனைப் பிடுங்கி, "ஆக்சிடென்ட்! வீ ஆர் ஸ்டக்!" என்று கத்தினார். எங்கே என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு எங்கே என்று தெரியாது. "ஏதோ காடு" என்றார். போன் மறுபடி என் கைக்கு வந்தது.

"தம்பியா? மெதுவாச் சொல்லு. துண்டு துண்டாச் சொல்லு. நான் இங்கதான் நிக்கிறேன்."

"ம… ரம்."

"மரம். ம்."

"கூ… கூக்… கால்."

"கூக்கால். ம்."

"பி… பி…"

அந்தப் பி–யில் நான் நின்ற நேரம் எனக்கு ஒரு யுகம். மகன் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். இந்நேரம் வேறு யாராக இருந்தாலும் லைன் கட்டாகிவிட்டது என்று போனை வைத்திருப்பார்கள். அவர் வைக்கவில்லை. மழை பால் கவரில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊகித்துக்கூடச் சொல்லவில்லை. "பிரிவு" என்று நான் சொன்ன பிறகுதான் "பிரிவு. ம்" என்றார். மருந்து, அலமாரி, நீல டப்பா என்று எல்லாம் இப்படியே போனது.

அக்கா கத்திய கத்தலில், மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் பக்கத்தில் இருந்து ரம்பத்தோடு ஆட்களும், மண் சரிவைத் தாண்டி நீல டப்பாவும் எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் வந்தன என்று தெரியவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அக்காவைத் தெய்வம் என்று எழுதிவிடலாம். அன்று சாயங்காலம் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அவர் நடுவில் நின்றுகொண்டு நான் பேசியதை அப்படியே பேசிக் காட்டினார். "கூ… கூக்… கால்! பி… பி… ரிவு!" தொடையில் தாளத்தோடு. "ஒரு துண்டக்கூடக் கீழ போடல. முழுசாச் சேத்துட்டான்ல!" என்று பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார், மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றிய நாளில்கூட நான் தலை நிமிர்ந்து சாப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கே வந்தார். "எதுக்குடா பாதியில எந்திரிச்ச? ரசம் ஆறுது" என்றார். ஏன் எழுந்தேன் என்று அவருக்குப் புரியவே இல்லை. அந்தப் புரியாமை மேல் எனக்கு வந்த கோபமும் பிரியமும் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியாமல் கிடக்கிறது.

பிறகு டவர் வந்தது. பாறைக்கு வேலை போனது. புக்கிங் எல்லாம் கம்ப்யூட்டரில் தானாக விழத் தொடங்கியது. யாரும் யாரிடமும் எதையும் கத்த வேண்டாம். மேனேஜர் ஒருநாள் தயங்கித் தயங்கி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். "சரிங்க" என்றார் அக்கா. கேன்சலேஷன் என்ற வார்த்தையை மட்டும் ஒருமுறை தொடையில் தட்டிப் பார்த்தார்.

வழியனுப்ப ஒரு சால்வை, கேசரி, டீ. ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் என்ன பேசுவது என்று முன்னாடியே முடிவு செய்திருந்தேன். பேச்செல்லாம் வேண்டாம். அவருடைய வார்த்தையை, அந்த ஐந்து துண்டையும் எல்லோர் முன்னாலும் அவருக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிப் பழகியிருந்தேன். தனியாக இருக்கும்போது ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. டே–யில் போட்ட அழுத்தத்தில் ஹாரனே ஒருமுறை அடித்துவிட்டது.

என் முறை வந்தது. எழுந்தேன். "அ…" என்றேன். "அ… அ…" கை தொடைக்குப் போகப் பார்த்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கையைக் கட்டிக்கொண்டேன். கையைக் கட்டியதும் வாயும் கட்டிக்கொண்டது.

மேனேஜர் நல்ல மனிதர். என் அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து, "சரி, சரி, தம்பி என்ன சொல்ல வர்றான்னு நம்ம எல்லாருக்குமே புரிஞ்சுபோச்சு" என்று கைதட்டத் தொடங்கினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அக்கா மட்டும் தட்டவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நின்றார். கேரட் மூட்டை ஏற்றிய மினி லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்த பிறகும் பார்த்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டினார்.

"மிச்சம்?"

நான் குனிந்து, டயருக்குக் கீழே கல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஜீப் இருக்கிறது. கொடைக்கானல் ஸ்டாண்டில் போடுகிறேன். வாட்ஸ்அப் என்று ஒன்று வந்தது எனக்காகவே வந்தது என்று நினைத்துக்கொள்வேன். வாயைத் திறக்காமல் நாலு நாள் ஓட்டலாம். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்து வண்டிக்கார அண்ணன் பேசிவிடுவார். நான் போனை நீட்டுவேன், அவர் வாங்கிக்கொள்வார். சந்தோஷமாகத்தான் செய்கிறார். ஆனால் ஏரியைச் சுற்றி எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் அந்த போர்டு எதிரே வந்து நிற்கும். ஐந்து துண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. கொடைக்கானல் பார்த்துவிட்டுப் பழனி போகிறார்களாம், சாமி கும்பிட்டுவிட்டு ராத் தங்க வேண்டும். அடிவாரத்தில் ஒரு லாட்ஜ் நம்பரைக் காட்டினார்கள். தரைவழி போன், மெசேஜ் போகாது. "நீங்களே கேட்டுச் சொல்லுங்க டிரைவர்" என்றார்கள். வழக்கம்போல நம்பரைப் போட்டு, அண்ணனிடம் நீட்டப் போனேன். ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"வணக்கங்க! அக்–கா–ம–டே–ஷன் வேணுங்களா?"

ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் கிழடு தட்டியிருந்தது, கொஞ்சம் கரகரப்பு. டே–யில் மட்டும் எந்தக் குறைச்சலும் இல்லை.

அண்ணன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "குடுங்க தம்பி, நான் சொல்லிர்றேன்."

நான் கொடுக்கவில்லை. போனைப் பானெட் மேல் வைத்தேன். என் கை அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அ…" என்றேன். தட்டினேன். தகரம் சத்தம் போட்டது. டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கூசியது. "அக்…"

"ம்" என்றது போன்.

"கா."

"ம்."

"ம… ம… ம…" அண்ணன் வாய் திறக்கப் போனதைக் கண்ணாலேயே நிறுத்தினேன். போனில் அடிவாரத்துக் கூட்டச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. லைன் கட்டாகிவிட்டதா என்று அந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை. "ம."

"ம்."

"டே! ஷன்!"

பிறகு, புக்கிங்காரர்கள் கேட்கிற அதே சாதாரணக் குரலில் கேள்வி வந்தது.

"எத்தனை பேருங்க தம்பி?"

ஏழு பேர். அந்த "ஏ" எனக்கு லேசில் வருகிற எழுத்து இல்லை. கையைப் பானெட்டில் இருந்து எடுக்காமல் தொடங்கினேன். அக்கா காத்திருந்தார்.